நேபாள மலைக்கிராமத்தில் ஒரு குடும்பத்தோடு தங்கித் தன்னார்வ வேலை: போகலாமா?

வைகைக்கரை

எல்லோருக்கும் வணக்கம். மதுரைக்காரி, வயது 27, ஐடி வேலையை மார்ச்சோடு விடுகிறேன். அடுத்த வேலையில் சேருவதற்கு முன்னால் ஜூன் கடைசியிலிருந்து மூன்று மாதம் நேபாளத்தில், லம்ஜுங் மாவட்டத்தில், குருங் இன மக்கள் வாழும் ஒரு கிராமத்தில் ஒரு வீட்டில் தங்கி அங்கே இருக்கும் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் சொல்லித்தரலாம் என்று யோசனை. ஒரு ஏஜென்சியிடம் பேசினேன் (பெயர் வேண்டாம்), மாதம் நாற்பதாயிரம் கேட்கிறார்கள், தங்குவது சாப்பாடு பயிற்சி எல்லாம் அதிலேயே அடக்கமாம், கடைசியில் சான்றிதழும் தருவார்களாம். வேலை செய்யப் போவதும் நீ, காசு கொடுப்பதும் நீயா என்று அப்பா கேட்கிறார். எனக்கும் அந்த இடத்தில்தான் இடிக்கிறது.

போய் வந்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள். காசு விஷயம், தனியாகப் போகும் பெண்ணுக்கு அந்த வீட்டுக்குள் எப்படி இருக்கும், நான் சுத்த சைவம் (முட்டை சாப்பிடுவேன்), ஹிந்தி அரைகுறை. அப்புறம் நான் அங்கே யாருக்காவது உண்மையில் பயன்படுவேனா என்பதும்.

மொட்டைமாடி

மாதம் நாற்பதாயிரமா! ஜவ்வாது மலையிலும் கல்வராயன் மலையிலும் கிராமம் இல்லையா, பள்ளிக்கூடம் இல்லையா, பஸ் டிக்கெட் செலவோடு முடிந்துவிடும். வெளிநாட்டில் போய்ச் செய்தால்தான் சேவை போல. போட்டோவில் பின்னால் பனிமலை தெரிய வேண்டும், அவ்வளவுதானே. முட்டை சாப்பிடும் சுத்த சைவத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

குறிஞ்சிப்பாதை

மொட்டைமாடி வழக்கம்போல ஆரம்பித்துவிட்டார், அவரை அப்புறம் பார்க்கலாம்.

தங்கச்சி, லம்ஜுங்கின் மாவட்டத் தலைநகர் பெசிசஹருக்கு மேலே ஒரு ஊரில் ஒரு நடவுப் பருவம் முழுக்க நான் இருந்திருக்கிறேன், அதனால் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் வீட்டில் யார் இருப்பார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள். நான் இருந்த வீட்டில் ஆமா (வீட்டுத் தலைவியை அப்படித்தான் கூப்பிட வேண்டும்), அவருடைய மாமியார், இரண்டு பேரப்பிள்ளைகள். மகன் கத்தாரில். மருமகள் மூத்த பிள்ளையின் படிப்புக்காகப் போக்ராவில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறாள். அந்த ஊரில் பாதி வீடு இப்படித்தான், மீதியில் நிறைய வீட்டுக்குப் பூட்டு. கத்தார், சவூதி, துபாய், மலேசியா என்று ஆண்கள் போய்விட்டார்கள், அந்த நாட்டின் மொத்த வருமானத்தில் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு அப்படி வெளியிலிருந்து அனுப்பும் பணம் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். மலைச்சரிவில் படிப்படியாகக் கட்டிய வயல்கள் ஆள் இல்லாமல் புதர் மண்டிக் கிடக்கின்றன, புதர் வந்ததும் குரங்கு வந்துவிட்டது, குரங்கு மக்காச்சோளத்தை விடுவதில்லை. அந்த ஊரில் குறைவாக இருப்பது வேலைக்கு ஆள். ஆங்கிலம் பட்டியலில் எங்கேயோ கீழே வரும்.

சரி, ஆள் குறைவுதானே, போய்க் களை எடுக்கலாம் என்று நினைப்பீர்கள். டோகோ என்று மூங்கில் கூடை, அதை நெற்றியில் பட்டை மாட்டி முதுகில் சுமப்பார்கள். அறுபது வயது ஆமா அதில் புல்லை நிரப்பிக்கொண்டு ஏறும் ஏற்றத்தில் நான் வெறும் கையோடு ஏறவே மூச்சு வாங்கும். அரிவாளை என் கையில் கொடுக்கவே ரொம்ப நாள் யோசித்தார். எனக்குக் கிடைத்த வேலை என்ன தெரியுமா, மக்காச்சோளம் உதிர்ப்பது, குரங்கு விரட்டுவது, குழாயில் தண்ணீர் நின்றால் மேலே ஏறிப் போய் எங்கே பைப் கழன்றிருக்கிறது என்று பார்ப்பது, பாட்டியின் மாத்திரை அட்டையைப் படித்து எது காலைக்கு எது இரவுக்கு என்று பிரித்து வைப்பது, பக்கத்து வீட்டுப் பையனுக்கு பாஸ்போர்ட் விண்ணப்பத்தை ஆன்லைனில் நிரப்புவது. கடைசியாகச் சொன்னது பரவி, தினமும் யாராவது ஒரு போனைத் தூக்கிக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருப்பார்கள். ஏஜென்சியின் வண்ணத்தாளில் இதெல்லாம் இருக்காது.

நாள் எப்படி ஓடும் என்றால், விடிவதற்கு முன்னே எழுந்து டீ, காலை பத்து மணிவாக்கில் தால் பாத் (சாதம், பருப்பு, ஒரு காய், ஊறுகாய், வயிறு முட்ட), மதியம் அவலோ சோளப்பொரியோ ஏதாவது கொறிப்பது, இரவு மறுபடி தால் பாத், சாப்பிட்ட கையோடு தூக்கம். எட்டு மணிக்கு இட்லி தேடும் வயிறு பழக கொஞ்ச நாள் ஆகும். சைவம் பிரச்சினையே இல்லை, இறைச்சி அங்கே விசேஷச் சாப்பாடு. கேழ்வரகு மாவில் கிண்டும் டிண்டோ கிடைக்கும், நம்ம களியேதான், குழம்புக்குப் பதில் குந்த்ருக் என்று கீரையைப் புளிக்கவைத்துக் காயவைத்ததில் செய்த சாறு. அதே கேழ்வரகில் சாராயமும் காய்ச்சுவார்கள், குருங் வீட்டில் விருந்தாளிக்கு ஊற்றுவது மரியாதை, வேண்டாம் என்று ஆரம்பத்திலேயே சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டால் விட்டுவிடுவார்கள். ஒரு தடவை வாங்கிவிட்டு மறுநாள் மறுத்தால்தான் சங்கடம்.

இப்போது காசு. இந்திய ரூபாய் நூறுக்கு நேபாள ரூபாய் 160, 1993-லிருந்து இதே கணக்குதான், மாறுவதில்லை. நாற்பதாயிரம் என்றால் அங்கே அறுபத்து நாலாயிரம். நான் இருந்த ஊரில் தங்கலும் இரண்டு வேளைச் சாப்பாடும் சேர்த்து ஒரு நாளைக்கு ஆயிரத்துச் சொச்சம் நேபாள ரூபாய், மாதக்கணக்கில் இருப்பவருக்கு அதிலும் குறைப்பார்கள். மிச்சம் எங்கே போகிறது என்று ஏஜென்சியிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இதில் ஆமாவின் கைக்கு எவ்வளவு போகும்? பதிலை எழுத்தில் வாங்குங்கள். அப்பாவிடம் சொல்லுங்கள், காசு கொடுப்பதில் தப்பில்லை, நீங்கள் சாப்பிடும் அரிசிக்கும் உங்களுக்காக எரியும் விறகுக்கும் யாராவது கொடுத்துத்தானே ஆக வேண்டும். அது எந்த வீட்டுக்குப் போகிறது என்பதுதான் விஷயம்.

வைகைக்கரை

அண்ணா, ரொம்ப நன்றி, இவ்வளவு விவரமாக யாரும் சொல்லவில்லை. அந்தக் கேள்வியை மெயிலில் அனுப்பிவிட்டேன். குரங்கு விரட்டத் தெரியும், அழகர்கோவிலில் வாழைப்பழத்தோடு நடந்து பழக்கம்.

@மொட்டைமாடி, பனிமலை தெரிந்தால் போட்டோ எடுப்பேன்தான். அதில் என்ன?

வல்வையூரான்

நான் டொராண்டோவில் இருந்து போனவன். விசாவைப் பற்றி ஒருத்தரும் கதைக்கவில்லை, அதனால் எழுதுகிறேன். இந்தியப் பாஸ்போர்ட் உள்ளவர்களுக்கு விசா தேவையில்லை, 1950ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி போய் இருக்கலாம், வேலையும் செய்யலாம். எங்களைப் போல வேறு நாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருக்கிற ஆட்களுக்குக் கதை வேறு. விமான நிலையத்திலேயே சுற்றுலா விசா குத்துவார்கள், 15 நாளுக்கு 30 டொலர், 30 நாளுக்கு 50, 90 நாளுக்கு 125. இலங்கைப் பாஸ்போர்ட் என்றால் சார்க் நாடு என்பதால் வருடத்தில் முதல் தடவை 30 நாள் இலவசம். ஆனால் சுற்றுலா விசாவில் சம்பளம் வாங்காமல் வேலை செய்வதும் சட்டப்படி கூடாது, பள்ளிக்கூடத்தில் படிப்பிப்பதும் அதற்குள்தான் அடங்கும். முகவர்கள் இதைச் சொல்லமாட்டார்கள், கேட்டால் "ஒருத்தரும் பார்க்கமாட்டினம்" என்று சிரிப்பார்கள். பிடிபட்டால் தண்டம் கட்டுவது நீங்கள்தான், அவர்கள் இல்லை. ஆகவே இந்த இழையை வாசிக்கிற புலம்பெயர்ந்த பிள்ளைகள் இதை வடிவாக விசாரித்துவிட்டு வெளிக்கிடுங்கோ.

இன்னொன்று. நான் போன இடத்தில் எனக்கு முதல் வந்தவர் சுவரெல்லாம் ஆங்கில எழுத்தும் படமும் வரைந்துவிட்டுப் போயிருந்தார். அவருக்கு முதல் வந்தவர் வரைந்த படத்துக்கு மேலேயே.

ஓய்வுபெற்ற வாத்தியார்

34 வருடம் அரசுப் பள்ளியில் ஆங்கிலம் நடத்தியவன் என்ற முறையில் இரண்டு வார்த்தை. அம்மா, உன் ஆர்வத்தைக் குறை சொல்லவில்லை. ஆனால் ஒரு வகுப்புக்குள் வெளியாள் ஒருவர் வந்து நடத்தும்போது என்ன நடக்கும் என்று நான் உள்ளேயிருந்து பார்த்தவன். பிள்ளைகள் குஷியாவார்கள், பாட்டு, விளையாட்டு, ஆட்டம். வகுப்பு ஆசிரியர் நிம்மதியாக டீ குடிக்கப் போவார். பாடப்புத்தகம் மூன்று மாதம் அப்படியே நிற்கும். நீ போன மறுநாள் அதே ஆசிரியர், அதே பிள்ளைகள், விட்டுப்போன பாடம், வரப்போகும் பரீட்சை. அடுத்த மாதம் இன்னொருவர் வந்து மறுபடி ஏபிசிடியில் தொடங்குவார்.

அமெரிக்க அரசின் தன்னார்வலர் அமைப்பான பீஸ் கோர் 1962-லிருந்து நேபாளத்துக்கு ஆள் அனுப்புகிறது. உள்நாட்டுப் போர் காரணமாக 2004-ல் விலகி 2012-ல் திரும்பியது. அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார். வந்ததும் கிட்டத்தட்ட மூன்று மாதம் ஒரு குடும்பத்தோடு தங்க வைத்து மொழியும் பழக்கவழக்கமும் சொல்லித்தருகிறார்கள், அதற்குப் பிறகுதான் இரண்டு வருட வேலை. நீ திட்டமிட்டிருக்கும் மொத்தக் காலம் அவர்களுக்குப் பயிற்சிக் காலம். அவர்கள் செய்வதெல்லாம் சரி என்று சொல்ல வரவில்லை, ஒரு வேலைக்கு எவ்வளவு நாள் பிடிக்கும் என்பதற்காகச் சொல்கிறேன்.

அப்படியும் பள்ளிக்கூடத்துக்குள் போக வேண்டும் என்றால், வகுப்பை எடுத்துக்கொள்ளாதே. ஆசிரியரோடு உட்கார். அவருக்குத்தான் பேச்சு ஆங்கிலம் வேண்டும், கேட்க வெட்கப்படுவார். நீ அவரிடம் நேபாளி கற்றுக்கொள், அவர் உன்னிடம் ஆங்கிலம் கற்றுக்கொள்ளட்டும், மாலையில் அரை மணி நேரம் போதும். நீ போன பிறகும் அவர் அங்கேதான் இருப்பார்.

இன்னொரு முக்கியமான விஷயம், ஜூன் கடைசி என்கிறாயே, அப்போது பள்ளி திறந்திருக்குமா என்று கேட்டாயா? நேபாளத்தில் கல்வியாண்டு ஏப்ரல் நடுவில், அவர்கள் வருடப்பிறப்போடு தொடங்குகிறது. மலைப்பகுதியில் பல பள்ளிகளுக்கு நடவையும் மழையையும் ஒட்டி ஆனி, ஆடி வாக்கில் விடுமுறை உண்டு, தேதியை அந்தந்த ஊராட்சியே முடிவு செய்யும்.

வைகைக்கரை

சார், இதை நான் கேட்கவே இல்லை. இப்போதே கேட்கிறேன்.

மொட்டைமாடி

பள்ளிக்கூடமே பூட்டியிருக்கும்போது ஆங்கிலம் சொல்லித்தர நாற்பதாயிரம். நான் இனிமேல் ஒன்றும் பேச வேண்டியதில்லை, நீங்களே பேசிக்கொள்ளுங்கள்.

மருதமலை செவிலி

பெண்கள் விஷயத்தை யாரும் தொடவில்லை, எனவே நான். ஒரு மருத்துவக் குழுவோடு நேபாளத்தின் தூர மேற்கு மாவட்டங்களில் இருந்திருக்கிறேன், நீங்கள் போகும் லம்ஜுங் அங்கிருந்து ரொம்பத் தள்ளி, பழக்கமும் வேறு, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். தூர மேற்கில் மாதவிலக்கான பெண்ணை வீட்டுக்கு வெளியே ஒரு சின்னக் குடிசையில் படுக்க வைப்பார்கள், சௌபடி என்று பெயர். குளிருக்கு உள்ளே நெருப்பு மூட்டிப் புகையில் மூச்சடைத்தும் பாம்பு கடித்தும் செத்தவர்கள் இருக்கிறார்கள். 2005-லேயே உச்ச நீதிமன்றம் தடை செய்தது, 2017-ல் குற்றமாக்கிச் சட்டம் போட்டு 2018 ஆகஸ்டில் அமலுக்கு வந்தது, மூன்று மாதச் சிறை அல்லது மூவாயிரம் ரூபாய் அபராதம், இல்லை இரண்டும். சட்டம் வந்ததோடு பழக்கம் போய்விடவில்லை.

குருங், மகர், தமாங் போன்ற மலையின மக்கள் வீடுகளில் இந்தக் கெடுபிடி பொதுவாகக் குறைவு. பாகுன், செத்ரி என்ற மேல்சாதி இந்து வீடு என்றால் அந்த நாட்களில் அடுப்படிக்கும் பூஜை அறைக்கும் போகாமல் இருப்பதை எதிர்பார்ப்பார்கள், சாதாரண நாளிலேயே வெளியாள் அடுப்புக்குக் கிட்டே போவது பல வீட்டில் பிடிக்காது. நம் பாட்டி வீட்டுச் சட்டம் தெரிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இருக்காது. எச்சில் விஷயமும் அப்படியே, கடித்ததை நீட்டக்கூடாது, சாப்பிட்ட கையால் பாத்திரத்தைத் தொடக்கூடாது, தண்ணீரை அண்ணாந்து குடிக்க வேண்டும். வெள்ளைக்காரர்கள் இதில்தான் தடுமாறுவார்கள், நமக்குச் சொல்லித்தர வேண்டியதே இல்லை.

அறைக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்கிறதா, கழிப்பறை வீட்டிலிருந்து எவ்வளவு தூரம், இரவில் விளக்கு உண்டா, அந்த வீட்டில் வயதுக்கு வந்த ஆண்கள் யார் யார், ஊரில் வேறு எந்த வீட்டில் பெண்கள் மட்டும் இருக்கிறார்கள். இதையெல்லாம் கூச்சப்படாமல் முன்கூட்டியே கேளுங்கள். நாப்கின் முழுக்காலத்துக்கும் கொண்டு போங்கள், எரிப்பதா புதைப்பதா என்று ஆமாவிடம் முதல் வாரமே பேசிவிடுங்கள். டைபாய்டு, மஞ்சள்காமாலை ஏ, டெட்டனஸ் ஊசி போட்டுக்கொண்டு கிளம்புங்கள். தண்ணீர் கொதித்தது மட்டும். மலை உயரம் இரண்டாயிரம் மீட்டர் சுற்றுவட்டாரம்தான், அதனால் உயரத்தால் வரும் நோய்க்குப் பயப்பட வேண்டாம், தெருநாய்க்கடிக்குப் பயப்படுங்கள், ஊசி மருந்து மாவட்டத் தலைநகரில்தான் கிடைக்கும்.

கடைசியாக ஒன்று, இதில் எனக்குக் கோபம் உண்டு. இதே ஏஜென்சிகள் அனாதை இல்லத்தில் வேலை என்று ஒன்று நீட்டுவார்கள். போகாதீர்கள். 1996 முதல் 2006 வரை நடந்த மாவோயிஸ்ட் போர்க்காலத்தில் ஹும்லா மாதிரி வடக்கு மாவட்டங்களில் தரகர்கள் போய், பிள்ளையை நல்ல பள்ளியில் சேர்க்கிறேன் என்று பெற்றோரிடம் காசு வாங்கிக் கூட்டி வந்து காட்மாண்டு இல்லங்களில் அடைத்தார்கள். அப்பா அம்மா உயிரோடு இருக்கும் பிள்ளைகள் அனாதைகளாகக் காட்டப்பட்டார்கள். போர் முடிந்த பிறகும் வெளிநாட்டுத் தன்னார்வலர் காசு வருவதால் அந்தத் தொழில் நிற்கவில்லை. ஆஸ்திரேலியா 2018-ல் கொண்டுவந்த நவீன அடிமைமுறைச் சட்டத்தின் பின்னணியில் இதுவும் பேசப்பட்டது. ஒரு வாரம் கொஞ்சிவிட்டுப் போகும் அக்காக்கள் வரிசையாக வந்து போனால் அந்தப் பிள்ளைக்கு என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

மொட்டைமாடி

பேசமாட்டேன் என்றேன், பேசுகிறேன். இவ்வளவும் படித்த பிறகு கேட்கிறேன், குறிஞ்சிப்பாதை சொன்னதும் செவிலி அக்கா சொன்னதும் சேர்த்துப் பார்த்தால் இது காசு கொடுத்துத் தங்கும் சுற்றுலா. அதற்கு ஏன் தன்னார்வ வேலை என்று பெயர்? ஹோம்ஸ்டே என்று சொல்லிவிட்டுப் போக வேண்டியதுதானே.

குறிஞ்சிப்பாதை

இந்த ஒரு தடவை மொட்டைமாடியோடு எனக்குச் சண்டை இல்லை. ஹோம்ஸ்டே என்றே போகலாம், அதில் ஒரு கௌரவக் குறைச்சலும் கிடையாது. நேபாளத்தில் அதற்கு ஒழுங்கான ஏற்பாடு உண்டு. சியாங்ஜா மாவட்டத்தில் சிருபாரி என்ற குருங் ஊரில் 1997-ல் ஆரம்பித்தார்கள், லம்ஜுங்கிலேயே காலேகாவுன் இருக்கிறது, 2010-ல் அரசு விதிமுறை போட்டது. சமூக ஹோம்ஸ்டே என்று பதிய ஊரில் குறைந்தது ஐந்து வீடு சேர வேண்டும். குழு ஒன்று இருக்கும், வருகிறவர்களை முறைவைத்து வீட்டுக்கு வீடு அனுப்புவார்கள், ஒரு பங்கு ஊர்ப் பொதுச் செலவுக்குப் போகும். ஒரே வீட்டுக்குக் காசு கொட்டிப் பக்கத்து வீடு முறைத்துக்கொள்ளும் தொல்லை அதில் குறைவு. நான் இருந்த ஊரில் அந்த முறைப்பு இருந்தது, யார் வீட்டுக்கு வெளியூர்க்காரன் வந்தான் என்பதை வைத்தே இரண்டு குடும்பம் பேச்சை நிறுத்தியிருந்தது.

ஆனால் சுற்றுலாவுக்கு வருகிறவர் இரண்டு இரவு தங்கி, சூரியோதயம் பார்த்து, நெற்றியில் டீக்கா வாங்கிக்கொண்டு இறங்கிவிடுவார். மாதக்கணக்கில் இருப்பவருக்கு அவர்கள் விருந்துச் சாப்பாடு போடுவதை ஒரு கட்டத்தில் நிறுத்திவிடுவார்கள். ஆமா என்னைத் திட்ட ஆரம்பித்தது எப்போது என்று எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, எருமைக்குத் தண்ணீர் காட்ட மறந்த அன்று. அதற்குப் பிறகுதான் அந்த வீட்டில் நிம்மதியாகத் தூங்கினேன்.

மொழி பற்றிக் கேட்டீர்கள் தங்கச்சி. குருங்குகளுக்குத் தனி மொழி உண்டு, ஆனால் எல்லோரும் நேபாளி பேசுவார்கள். அரைகுறை ஹிந்தி கைகொடுக்கும். அந்தப் பக்கம் இந்திய ராணுவத்தின் கூர்க்கா படையில் இருந்து ஓய்வு பெற்ற தாத்தாக்கள் நிறைய, போக்ராவுக்குப் போய் இந்திய ஓய்வூதியம் வாங்கி வருவார்கள், ஹிந்தி வெளுத்து வாங்குவார்கள். 2022-ல் அக்னிபத் (நாலு வருடத்துக்கு மட்டும் ராணுவத்துக்கு ஆளெடுக்கும் திட்டம்) வந்ததிலிருந்து நேபாளத்தில் ஆள்சேர்ப்பு நின்றுவிட்டது, அதைப் பற்றி நீங்கள் கேட்காமலேயே பேசுவார்கள், ஊரிலிருந்து இன்னும் நிறையப் பிள்ளைகள் வளைகுடாவுக்குப் போக அதுவும் ஒரு காரணம் என்பது அவர்கள் கணக்கு.

காட்மாண்டுவாசி

வேலை நிமித்தமாகக் குடும்பத்தோடு காட்மாண்டுவில் இருக்கிறேன், சொந்த ஊர் நாகர்கோவில். ஏஜென்சி இல்லாமல் போவது எப்படி என்று சொல்கிறேன்.

இப்போதைய அரசமைப்பில் நாடு முழுக்க 753 உள்ளாட்சிகள், பள்ளிக்கல்வி அவர்கள் கையில். போகும் ஊரின் வார்டு அலுவலகத்தில் போய், இன்னார், இவ்வளவு நாள், இந்த வீட்டில் இருக்கப் போகிறேன் என்று ஒரு கடிதம் கொடுத்துவிடுங்கள். சட்டம் கேட்கிறதோ இல்லையோ, நாளைக்கு ஒரு பிரச்சினை என்றால் வார்டு தலைவருக்கு உங்களைத் தெரிந்திருக்கும். பள்ளி வேலை என்றால் தலைமையாசிரியரிடம் நேரில் கேளுங்கள், போனில் எல்லாவற்றுக்கும் சரி என்பார்கள்.

அடையாளம்: பாஸ்போர்ட், இல்லாவிட்டால் வாக்காளர் அட்டை. ஆதார் செல்லாது, 15 வயதுக்குக் கீழும் 65-க்கு மேலும் உள்ளவர்களுக்கு மட்டும்தான் அது. விமான நிலையத்தில் ஆதாரைக் காட்டிவிட்டு நிற்கும் நம்மூர்க்காரர்களை அடிக்கடி பார்க்கிறேன்.

வழி: காசு இருந்தால் டெல்லி வழியாக விமானம். ரயில் என்றால் கோரக்பூர் வரை போய், பஸ்ஸில் சுனௌலி, எல்லையை நடந்தே தாண்டினால் பைரஹவா, அங்கிருந்து நாராயண்காட், முக்லிங் வழியாக டும்ரே, டும்ரேயில் வடக்கே திரும்பினால் பெசிசஹர், அதற்கு மேலே ஜீப். மழைக்காலத்தில் இரவு பஸ்ஸில் ஏறவே ஏறாதீர்கள். 2024 ஜூலையில் நாராயண்காட் முக்லிங் சாலையில் விடிகாலை மண்சரிவு இரண்டு பஸ்களை அப்படியே திரிசூலி ஆற்றுக்குள் தள்ளியது, பல பேர் கிடைக்கவே இல்லை. பகல் பயணம், அதுவும் முந்தின நாள் பெரிய மழை இல்லை என்றால்.

போக்ராவிலும் காட்மாண்டுவிலும் கடைகளில் நம் யூபிஐ ஸ்கேன் ஆகிறது. மலை மேலே ரொக்கம்தான், பெசிசஹரிலேயே மாற்றிக்கொண்டு ஏறுங்கள். சிம் நேபாள் டெலிகாம் வாங்குங்கள்.

ஆமாவுக்குப் பணத்தை எப்படிக் கொடுப்பது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கடைசி நாளில் கவரில் போட்டு நீட்டினால் வாங்க மறுத்து ஒரு நாடகம் நடக்கும். முதல் நாளே ஊரில் இருக்கும் ஆசிரியரையோ ஹோம்ஸ்டே குழுவின் ஆளையோ வைத்துக்கொண்டு தொகையைப் பேசி, மாதப் பிறப்பில் கொடுத்துவிடுங்கள். அவர்கள் மாதம் நம் தமிழ் மாதம் பிறக்கும் நாளை ஒட்டித்தான் பிறக்கும். லேப்டாப், சைக்கிள், பள்ளிக் கட்டணம் என்று நீங்களாக எதையும் வாக்குக் கொடுக்காதீர்கள். குழந்தைகளுக்கு மிட்டாய் பை வேண்டாம்.

மட்டுறுத்துநர்

ஒரு உறுப்பினர் தெரிந்த வீட்டின் தொலைபேசி எண்ணைப் பொதுவில் போட்டிருந்தார், நீக்கிவிட்டேன். தனிமடலில் கொடுத்துக்கொள்ளுங்கள்.

வைகைக்கரை

மெயிலுக்குப் பதில் வந்துவிட்டது. குடும்பத்துக்கு எவ்வளவு என்று கேட்டதற்கு, "கிராம மேம்பாட்டில் எங்கள் பங்களிப்பு" என்று இரண்டு பத்தி, தொகை இல்லை. மறுபடி கேட்டதும் அது உள்விவகாரம் என்றார்கள். பள்ளி விடுமுறை பற்றிக் கேட்டதற்கு, அந்த நாட்களில் பிள்ளைகளை வீட்டு முற்றத்தில் கூட்டிப் பாட்டுச் சொல்லித்தரலாமாம். நடவு நேரத்தில் பிள்ளைகள் எல்லாம் வயலில் இருப்பார்கள் என்று குறிஞ்சிப்பாதை அண்ணா தனிமடலில் சொன்னதை வைத்துத் திருப்பிக் கேட்டேன், பதில் இல்லை. முன்பணம் கட்டவில்லை, நல்லவேளை.

காட்மாண்டுவாசி அண்ணா ஒரு ஊரின் ஹோம்ஸ்டே குழுவோடு போனில் பேச வைத்தார். வெளிநாட்டில் கணவன் இருக்கும் ஒரு தீதி (அக்கா) வீடு, மாமியாரும் ஒரு பெண்குழந்தையும், தாழ்ப்பாள் உண்டு, கழிப்பறை முற்றத்திலேயே. ஜூனை விட்டுவிட்டேன். திஹார் (அவர்கள் தீபாவளி) முடிந்ததும் போகலாம் என்று அவர்களே சொன்னார்கள், அப்போது நெல் அறுவடையும் கேழ்வரகு கதிர் கொய்வதும் நடக்கும், பள்ளியும் திறந்திருக்கும், சாலையும் காய்ந்திருக்கும். வாத்தியார் சார் சொன்னபடி ஆங்கில ஆசிரியரோடு மாலையில் உட்காருவது மட்டும், அதுவும் அவர் ஒப்புக்கொண்டால். அதுவரை மதுரையில் ஒரு ஹோட்டலில் வேலை பார்க்கும் நேபாளி அண்ணன் ஒருவரிடம் வாரத்துக்கு இரண்டு நாள் பேசக் கற்றுக்கொள்கிறேன். அவர் ஊர் பாக்லுங். லம்ஜுங் ஏன், எங்கள் ஊருக்குப் போங்கள் என்று சண்டை போடுகிறார்.

அப்பா காசு விஷயத்தில் சமாதானமாகிவிட்டார். அம்மாவுக்குக் குளிர்தான் கவலை. நவம்பர், டிசம்பரில் எவ்வளவு குளிரும்?

மொட்டைமாடி

நாற்பதாயிரத்தைக் காப்பாற்றியதில் எனக்கும் ஒரு பங்கு உண்டு என்று பதிவு செய்துகொள்கிறேன். அந்த நேபாளி அண்ணனுக்கு மாதம் எவ்வளவு கொடுக்கிறீர்கள்?

வைகைக்கரை

அவர் வாங்கமாட்டேன் என்கிறார். அவருடைய பையனுக்குக் கணக்குச் சொல்லித்தருகிறேன், கார்ப்பரேஷன் பள்ளியில் ஆறாவது படிக்கிறான், தமிழ் என்னைவிட நன்றாகப் பேசுகிறான்.

குறிஞ்சிப்பாதை

குளிர் பற்றி. பகலில் வெயில் சுகமாக இருக்கும், சூரியன் மலைக்குப் பின்னால் போனதும் இரவில் ஒற்றை இலக்கத்துக்கு வந்துவிடும், டிசம்பர் கடைசியில் அதற்கும் கீழே. வீட்டில் ஹீட்டர் கிடையாது, அடுப்பைச் சுற்றி உட்காருவதுதான், புகை கண்ணைக் கரிக்கும். கனமான பஞ்சு ரஜாய் அவர்களே கொடுப்பார்கள், பெரிய ஜாக்கெட் வாங்கிச் செலவழிக்க வேண்டாம், உள்ளே போடும் தெர்மல் இரண்டு செட், கம்பளிச் சாக்ஸ், குரங்குக் குல்லா. குளியல் மதியம் வெயிலில் குழாயடியில், எல்லோருக்கும் நடுவில், அதனால் பெண்கள் மார்புக்கு மேலே லுங்கி கட்டிக்கொண்டு குளிப்பார்கள், ஒரு பழைய பாவாடை எடுத்துப் போங்கள். டார்ச்சில் கூடுதல் பேட்டரி. கேழ்வரகுக் கதிர் கொய்தால் விரல் நகக்கண் எல்லாம் வெடிக்கும், தேங்காய் எண்ணெய் இங்கேயிருந்து எடுத்துப்போங்கள், குளிரில் உறைந்துவிடும், அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தால் சரியாகிவிடும்.